நாடகமே பார்க்காத கங்காணி

போடிமெட்டு,
12.8.1978

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

உன் புருஷன் சோலைமலை எழுதிக்கொண்டது. மழையில் நனைந்தும் அட்டையிடம் கடிபட்டும், நாடகம் இல்லாத இந்தக் காலத்தில் உன் அண்ணன் ராமர் புண்ணியத்தில் சுகமாகவே இருக்கிறேன். உன் கால்வலி எப்படி இருக்கிறது? ஏலக்காய் பொறுக்கும்போது வெறும் சிமெண்டுத் தரையில் உட்காராதே. சாக்கை மடித்துப் போட்டுக்கொள்.

ஒரு பெரிய சங்கதி. மெட்ராஸிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனி ராமர் மச்சான் கங்காணியாக இருக்கும் எஸ்டேட்டுக்கே வந்து இறங்கியிருக்கிறது. ஏலத்தோட்டத்துக் கங்காணி ஒருவனின் கதையாம். கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சலவை வேட்டி கட்டி, முகத்துக்குப் பவுடர் போட்டு, மாலை போட்ட போட்டோவையும் எடுத்துக்கொண்டு போனேன். "ராஜபார்ட் சோலைமலை, முப்பது வருஷ அனுபவம்" என்று சொல்லி ஒரு பாட்டும் எடுத்துவிட்டேன். அங்கிருந்த உதவியாளன் சிரித்துவிட்டான். "பெரியவரே, நாடகக்காரங்க யாரும் வேண்டாம்னு டைரக்டர் கண்டிசனாச் சொல்லிட்டாரு. நீங்கள்லாம் கண்ணைச் சிமிட்டுனாக்கூடக் கடைசி வரிசைக்குத் தெரியும்" என்றான். அவமானமாகிவிட்டது, அன்னம். வந்து கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன்.

சில நாள் கழித்து மச்சானுக்குக் காய்ச்சல். அவர் சட்டையை மாட்டி, அவர் கம்பை எடுத்துக்கொண்டு, காய் எடுக்கும் பெண்களோடு நான் போனேன். முகம் மழித்து நாளாகியிருந்தது. சரிவில் டைரக்டரே எதிரில் வந்தார். சின்ன வயசுத் தம்பி, ஏதோ சினிமாக் காலேஜில் படித்தவராம். நின்று என்னையே பார்த்தார்.

"பெரியவரே, நீங்க இங்க கங்காணியா?"

"ஆமாங்க."

"எப்பவாச்சும் நாடகத்துல நடிச்சிருக்கீங்களா?"

எனக்கு அது எங்கிருந்து வந்ததோ தெரியாது. "நாடகமா? அதெல்லாம் பார்த்ததுகூட இல்லீங்க. விடிஞ்சா காடு, அடைஞ்சா லயத்து வீடு. எங்களுக்கு ஏதுங்க அதுக்கெல்லாம் நேரம்" என்றேன். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவர்தான்! இவர்தான்!" என்று கத்தினார். அந்த உதவியாளனும் பக்கத்தில் நின்று தலையாட்டினான். பவுடர் போடாத என் முகம் அவனுக்குத் தெரியவில்லை.

முக்கிய வேஷமே எனக்குத்தான். மச்சானிடம் சொன்னேன். "மாப்ளே, நான் வாயைத் தெறக்க மாட்டேன். ஆனா என் கம்பை மட்டும் ஒடிச்சிராத" என்றார். உன்னிடம் கேட்காமல் செய்தேன். நீ என்ன சொல்வாயோ என்றுதான் பயம்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
சோலைமலை


போடிநாயக்கனூர்,
20.8.1978

அன்புள்ள மாமாவுக்கு,

அன்னக்கொடியின் வணக்கம். கால்வலியும் நானும் ஒன்றாகத்தான் இருக்கிறோம். ஒன்றையொன்று விட்டுப் போகிற உத்தேசம் இல்லை. அண்ணனுக்குக் காய்ச்சல் விட்டதா?

உங்கள் கடிதத்தை ஏலக்காய்க் கிட்டங்கியில் வைத்துப் படித்தேன். சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த சந்திரவல்லி, "என்னக்கா, மாமா அப்படி என்ன எழுதியிருக்காரு?" என்று கேட்டாள். "மலையில ஒரே மழையாம்" என்றேன். பாருங்கள், உங்கள் பொய் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

நான் கோபிப்பேன் என்று நினைத்தீர்களா? மூன்று வருஷமாக நமக்குச் சரியாக நாடகம் இல்லை. பொட்டிபுரம் திருவிழாவுக்கு நம்மை அழைத்துவிட்டு, கடைசி நேரத்தில் ரிக்கார்டு டான்ஸ் வைத்தார்களே, அன்றைக்கு நீங்கள் ராஜா வேஷத்தைக் கலைக்காமலே பஸ்சில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டீர்கள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. அந்த மனுஷனுக்கு இப்போது முக்கிய வேஷம். பொய் சொல்லி வாங்கினாலும் அது உங்களுக்குச் சேர வேண்டியதுதான். ஜெயித்துவிட்டு வாருங்கள்.

ஆனால் ஒன்று. மேடையில் உங்களுக்கு வசனம் மறந்தால் ஸ்திரீபார்ட் நான் எடுத்துக் கொடுப்பேன். அங்கே யார் எடுத்துக் கொடுப்பார்கள்? பொய்யும் பாடம் மாதிரிதான், ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். அதனால் பேச்சைக் குறையுங்கள்.

குடும்பத்தில் யார் யார் என்று கேட்பார்கள். என்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறீர்கள்? முன்கூட்டியே எழுதினால் நானும் அதற்குத் தகுந்தபடி இருந்துகொள்வேன். திருமங்கலத்திலிருந்து கம்பம் வரைக்கும் என் பெயரைச் சுவரில் ஒட்டாத ஊர் கிடையாது. அது ஞாபகத்தில் இருக்கட்டும்.

மறக்காமல் வெந்நீர் குடியுங்கள்.

அன்னக்கொடி


போடிமெட்டு,
17.9.1978

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

நலம். நீ அனுப்பிய தைலம் ஜீப்பில் வந்து சேர்ந்தது. உன் கால்வலிக்கு வாங்கியதை எனக்கு அனுப்பிவிட்டு நீ என்ன செய்கிறாய்?

நடிக்காமல் இருப்பதைப் போலக் கஷ்டம் உலகத்தில் கிடையாது. நேற்று, மகள் செத்த சேதி கங்காணிக்கு வருகிற கட்டம். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் பெரியவரே, சும்மா நில்லுங்க" என்றார் டைரக்டர் தம்பி. சும்மா நிற்பதா! அழ ஒரு பாட்டு, மூர்ச்சையாக ஒரு பாட்டு என்று முப்பது வருஷம் பழகிய உடம்பு. நெஞ்சில் அடித்துக்கொள்ளக் கை தானாக எழுந்தது. அதைக் கம்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். தொண்டைக்கு வந்த பாட்டை விழுங்கினேன். முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். "நிஜமான ஜனங்களாலதான் இப்படி முடியும். நடிகன் எவனாலயும் முடியாது" என்றார் தம்பி. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இன்னொரு கூத்து. மேடை ஏறும்போது பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியப் பெட்டிக்கு ஒரு கும்பிடு போடுவோமே, அந்தப் பழக்கம் போக மாட்டேன் என்கிறது. காமிரா முன்னால் நடக்கச் சொன்னார்கள். நான் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, வலப்பக்கம் திரும்பிக் கும்பிட்டுவிட்டேன். அங்கே ஒரு பலாமரம் நிற்கிறது! தம்பி ஓடிவந்து, "இது யாருக்குப் பெரியவரே?" என்று கேட்டார். உயிரே போய்விட்டது. "காட்டுத் தெய்வத்துக்குங்க. எங்க மலையில அது வலப்பக்கந்தான் இருக்கும்" என்றேன். தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "இதை எவன் எழுத முடியும்?" என்று சொல்லி, படத்திலேயே வைத்துவிட்டார்.

அடுத்த மாதம் மெட்ராஸ் போகும் வழியில் வீட்டுக்கு வருவேன். மற்றவை நேரில்.

சோலைமலை


போடிநாயக்கனூர்,
5.11.1978

அன்புள்ள மாமாவுக்கு,

சுகம். மெட்ராஸ் தண்ணீர் ஒத்துக்கொள்கிறதா?

'மற்றவை நேரில்' என்று எழுதினீர்கள். வந்தீர்கள், ஒரு நாள் இருந்தீர்கள், விடிய விடியச் சினிமாக் கதை பேசினீர்கள், பஸ் ஏறிவிட்டீர்கள். என்னைப் பற்றி என்ன சொல்லப்போகிறீர்கள் என்று நான் கடிதத்தில் கேட்டதற்கு நேரிலும் பதில் இல்லை. மறந்துவிட்டீர்களா, மறைக்கிறீர்களா?

கால்வலி தேவலை.

அன்னக்கொடி


சென்னை,
29.4.1979

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

நான் சௌக்கியம். சௌக்கியம் என்றால் சாதாரண சௌக்கியம் இல்லை! படம் வந்து இரண்டு வாரமாக எந்தத் தியேட்டரிலும் டிக்கெட் கிடைக்கவில்லையாம். நடந்து போனால் ஜனங்கள் வழிமறித்து, "கங்காணி, கங்காணி" என்று கையைப் பிடிக்கிறார்கள். ஓட்டலில் காப்பிக்கு என்னிடம் காசு வாங்க மாட்டேன் என்கிறார்கள். ஐம்பத்தேழு வயதில் எனக்கு இது வருமென்று எந்த ஜோசியனும் சொன்னதில்லை. வேறு இரண்டு கம்பெனிக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பலாமரத்துக்குப் போட்ட கும்பிடைப் பற்றி ஒரு பேராசிரியர் பத்திரிகையில் நீளமாக எழுதியிருக்கிறார். மலை ஜனங்களின் ஆதி வழிபாடாம். இரண்டு தடவை படித்தேன். எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

பத்திரிகைக்காரர்கள் என்னென்னவோ கேட்கிறார்கள், நானும் ஏதேதோ சொல்கிறேன். இந்த வாரம் ஒரு வாரப் பத்திரிகையில் என் பேட்டி வருகிறது. அதை நீ வாங்க வேண்டாம். போட்டோ சரியாக விழவில்லை.

படத்தைப் பார்த்துவிட்டு எழுது. நீ நன்றாக இருக்கிறது என்று சொன்னால்தான் எனக்கு நன்றாக இருந்த மாதிரி.

சோலைமலை


போடிநாயக்கனூர்,
9.5.1979

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதமும் படமும் ஒரே வாரத்தில் வந்தன. நான் நலம், ஊர்தான் பைத்தியம் பிடித்து அலைகிறது. போடிமெட்டிலிருந்து லோடு ஏற்றுகிற மாதிரி ஜீப் ஜீப்பாக ஆட்கள் இறங்கினார்கள். அண்ணன் புதுத் துண்டு போட்டுக்கொண்டு, திரையில் வருகிறது தன் கம்பு என்று போவோர் வருவோரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நீங்கள் முதலில் வரும் காட்சி. மண்ணைத் தொட்டீர்கள், கண்ணில் ஒற்றினீர்கள், வலப்பக்கம் திரும்பிக் கும்பிட்டீர்கள். பெஞ்சு டிக்கெட்டில் இருந்த நம் ஆர்மோனியம் மொக்கச்சாமி எழுந்து நின்றார். "அண்ணே! பெட்டி இங்கன இருக்குண்ணே!" என்று ஒரு கத்துக் கத்தினார். அவ்வளவுதான். மொத்தக் கொட்டகையும் விசிலும் சிரிப்புமாக எழுந்துவிட்டது. ஆப்பரேட்டர் அந்த இடத்தை மறுபடி ஓட்டினான்.

மகள் செத்த காட்சியில் ஒரு சிரிப்பு இல்லை. உங்கள் கையைப் பார்த்தேன். அது எங்கே போக நினைத்தது, எப்படி நிறுத்தினீர்கள் என்று எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் உங்களோடு மேடையில் நின்றிருக்கிறேன், இப்படி ஒரு நடிப்பை நீங்கள் செய்து நான் பார்த்ததில்லை. இந்தக் கையைத்தானா பிடித்தோம் என்று கர்வமாக இருந்தது. வாய்விட்டு அழுதேன்.

படம் விட்டதும் டீக்கடை வீரையா எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னார். "மெட்ராஸ்காரன் எவன் வந்து கேட்டாலும் ஒருத்தரும் மூச்சு விடப்படாது. அவரு கங்காணிதான். நாடகம்னா என்னன்னே தெரியாது." எல்லோரும் தலையாட்டினார்கள்.

இதுவரை நேற்று எழுதியது. இன்று காலை கடைக்குப் போனேன். நீங்கள் வாங்க வேண்டாம் என்று சொன்னதால் வாங்கினேன். போட்டோ நன்றாகத்தான் விழுந்திருக்கிறது. அதற்குக் கீழே, 'மனைவி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன' என்று போட்டிருக்கிறது. எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன்.

இப்படிக்கு,
காலமான அன்னக்கொடி


சென்னை,
15.5.1979

என் அன்பான அன்னக்கொடிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அந்த ஆள், "உங்க சம்சாரத்தையும் போட்டோ எடுக்கணும், விலாசம் குடுங்க" என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உன் முகம் தெரியாதவன் மதுரை ஜில்லாவில் உண்டா? உன் போட்டோ வந்தால், அன்னக்கொடியோடு ஜோடி கட்டியவன்தானே இவன் என்று ஒருவனாவது எழுதிப்போடுவான். என்ன செய்வதென்று தெரியாமல், "அவ போய்ச் சேந்துட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் எனக்கே கண் கலங்கியது. அவன் அதையும் எழுதிக்கொண்டான்.

நடிக்கத் தெரியாதவன் என்பதுதான் இப்போது என் பிழைப்பு, அன்னம். அந்த இரண்டு கம்பெனிகளும் அதற்காகத்தான் வருகின்றன. நாடகக்காரன் என்று தெரிந்தால் டைரக்டர் தம்பி முகத்தில் எப்படி விழிப்பேன்? ஊர் ஊராகப் போய் என்னைப் பற்றித்தான் பேசுகிறார். கொஞ்ச நாள் போகட்டும், நானே சரிசெய்துவிடுகிறேன்.

இன்னும் ஒன்று கேட்க வேண்டும். அதே பத்திரிகைக்காரன் அடுத்த மாதம் போடிக்கு வருகிறான். நான் பிறந்த ஊரைப் படம் எடுக்க வேண்டுமாம். அந்த நாலு நாள் மட்டும் நீ ராமர் மச்சான் வீட்டில் போய் இரு. கோபத்தில் எதுவும் செய்துவிடாதே.

சோலைமலை


போடிநாயக்கனூர்,
10.6.1979

மெட்ராஸில் இருக்கும் சோலைமலை அவர்களுக்கு,

காலமான அன்னக்கொடியின் அக்கா சுப்புத்தாய் எழுதிக்கொண்டது. இங்கே அனைவரும் நலம், ஒருத்தியைத் தவிர.

நான் போடிமெட்டுக்குப் போகவில்லை. செத்தவள் எதற்காக ஊரை விட்டு ஓட வேண்டும்? பத்திரிகைக்காரத் தம்பி வந்தார். நல்ல பிள்ளை. முதலில் வீரையா கடையில் விசாரித்திருக்கிறார். "சோலைமலை அண்ணனா? அவரு மலையை விட்டு எறங்குனதே இல்ல சார். பஸ்சைக் கண்டாலே பயப்படுவாரு" என்று வீரையா அளந்துவிட்டார். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்த போஸ்ட்மேனும் ஆமாம் என்றாராம். அந்த அம்மாவின் சமாதி எங்கே என்று தம்பி கேட்டிருக்கிறார். மொக்கச்சாமி அவரை ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போய் ஏதோ ஒரு மண்மேட்டைக் காட்டியிருக்கிறார். அந்தத் தம்பி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டாராம்.

பிறகு நம் வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். அந்த அம்மாவின் அக்கா என்று என்னைக் காட்டினார்கள். "உங்க தங்கச்சியைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன்.

"அவளை மாதிரி ஒருத்தி பொறக்க மாட்டா தம்பி. அவருக்குப் பேச்சு வராட்டி இவ எடுத்துக் குடுப்பா. பிள்ளை இல்லைன்னு ஊரு சொன்னப்ப, எனக்கு அவரு இருக்காரு, அவருக்கு நான் இருக்கேன்னு சொன்னவ. அரை வயித்துக் கஞ்சியிலயும் அவருக்கு ஒரு கரண்டி கூட ஊத்துவா. அவரு என்னிக்காவது பெரிய ஆளா வருவாருன்னு இவ ஒருத்திதான் நம்புனா. இப்ப வந்துட்டாரு. பாக்க அவ இல்லையே தம்பி!"

தம்பி எழுதுவதை நிறுத்திவிட்டுக் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். வாசலில் உட்கார்ந்திருந்த சந்திரவல்லி எழுந்து போய்விட்டாள். மொக்கச்சாமி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தங்கையின் போட்டோ இருக்கிறதா என்று தம்பி கேட்டார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே சாடை. என்னையே எடுத்துக்கங்க" என்றேன். எடுத்துக்கொண்டார்.

ஆக, உங்கள் பொய்யைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

சுப்புத்தாய்


சென்னை,
8.7.1979

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

மூன்று கடிதம் போட்டுவிட்டேன். உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

பத்திரிகை வந்துவிட்டது. முழுப் பக்கத்தில் உன் முகம். 'மறைந்த மனைவியின் அக்கா' என்று போட்டிருக்கிறார்கள். மதுரை ஜில்லா முழுக்க இதைப் பார்த்திருக்கும். ஒருவர்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்காக எத்தனை ஊர் பொய் சொல்கிறது! நினைத்தால் பெருமையாக இருக்க வேண்டும். எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்திரிகையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

மாத முடிவில் நூறாவது நாள் விழா. பேசச் சொல்லியிருக்கிறார்கள்.

சோலைமலை


சென்னை,
2.8.1979

அன்புள்ள அன்னக்கொடிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். நான் பல மாதம் கழித்து நேற்றுத்தான் நன்றாகத் தூங்கினேன்.

விழா முந்தாநாள் நடந்தது. மண்டபம் நிரம்பி வாசல் வரைக்கும் ஜனம். டைரக்டர் தம்பி பேசினார். "இவருக்கு நடிக்கத் தெரியாது. அதுதான் இவருடைய மகத்துவம்" என்று சொல்லி எனக்கு மாலை போட்டார். மைக்கை என் கையில் கொடுத்தார்கள். நாலு வரி நன்றி சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான்.

"தம்பி, நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்" என்றேன். மண்டபமே சிரித்தது. வேடிக்கை பேசுகிறேன் என்று நினைத்துவிட்டார்கள். "நான் கங்காணி இல்லை. கங்காணி என் மச்சான் ராமர். நான் ராஜபார்ட் சோலைமலை. முப்பது வருஷம் மேடையில நின்னவன். நடிகன்னு சொன்னேன், வாசலோட அனுப்பிட்டாங்க. நடிக்கத் தெரியாதுன்னு நடிச்சேன், கூப்பிட்டு மாலை போடுறீங்க. அதையாவது மன்னிக்கலாம். உசுரோட இருக்கிற என் சம்சாரத்தைச் செத்துட்டான்னு சொன்னேன். அவ பேரு போடி அன்னக்கொடி. என்னைவிடப் பெரிய நடிகை. அவ எடுத்துக் குடுத்த வசனத்தைத்தான் நான் இத்தனை வருஷமாப் பேசியிருக்கேன். அவ உசுரோட இருக்கா. இதைப் பத்திரிகையில போடணும்" என்றேன்.

தம்பியின் முகம் வெளுத்துவிட்டது, அன்னம். அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு விசில். நம் பக்கத்து ஆட்கள் யாரோ, மெட்ராஸில் மூட்டை தூக்குகிறவர்களாம். "அன்னக்கொடி அக்காவுக்கு ஜே!" என்று எழுந்து நின்றார்கள். அதன்பிறகு எழுந்த கைதட்டலில் நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. நான் சட்டையெல்லாம் நனைய நின்றேன்.

உள்ளறைக்குப் போனதும் தம்பி, "மக செத்த சீன்ல சும்மா நின்னீங்களே?" என்று கேட்டார். "சும்மா நிக்கலை தம்பி. சும்மா நிக்கிற மாதிரி நடிச்சேன்" என்றேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "நீங்க செஞ்சது தப்புதான். ஆனா அன்னிக்கே உண்மையைச் சொல்லியிருந்தா உங்களைத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன். அது என் தப்பு" என்றார். பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது. பலாமரத்துக் கதையையும் சொன்னேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இரண்டு கம்பெனிகளில் ஒன்று விலகிக்கொண்டது. போகட்டும். மற்றொன்று, நடிகர்தானா, ரொம்ப நல்லது, வசனம் கூடுதலாக வைக்கலாம் என்கிறது. தம்பியின் அடுத்த படத்திலும் நான் உண்டு. அதில் எனக்கு ஜோடியாக நீ வர வேண்டும் என்று அவரே கேட்கிறார். வேஷம் பெரியது.

என்னை மன்னித்துவிடு, அன்னம். வருவாயா?

சோலைமலை


போடிநாயக்கனூர்,
12.8.1979

அன்புள்ள மாமாவுக்கு,

அன்னக்கொடியின் வணக்கம். உங்கள் கடிதத்துக்கு முன்பே பேப்பர் வந்துவிட்டது. வீரையா அதைக் கடை வாசலில் ஒட்டி வைத்திருக்கிறார். ஆனால் அவருக்கு உங்கள் மேல் ஒரே கோபம். "நாங்க இம்புட்டுப் பேரு பாடுபட்டுக் கட்டிக் காத்த பொய்யி. ஒரு வார்த்தை கேக்காம உடைச்சுப்புட்டாரே" என்று இரண்டு நாளாகப் புலம்புகிறார். மொக்கச்சாமி மட்டும் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு தெருவில் பாட்டுப் போட்டார். தெருவே கூடிவிட்டது. கிட்டங்கியில் பெண்கள் என்னை வேலை செய்ய விடவில்லை. சந்திரவல்லி என் தலையில் பூ வைத்துவிட்டு, செத்துப் பிழைத்தவளுக்குத் திருஷ்டி கழிக்க வேண்டும் என்று சூடம் கொளுத்தினாள். என் வயதில் இத்தனை பேர் பார்க்கத் தெருவில் நடந்து வருவது நன்றாகத்தான் இருக்கிறது, மாமா. இல்லை என்று எதற்குச் சொல்ல வேண்டும்?

தம்பியிடம் வருகிறேன் என்று சொல்லுங்கள். சுவரொட்டியில் என் பெயர் ஊரோடு சேர்த்து முழுதாக இருக்க வேண்டும். அதையும் சொல்லுங்கள்.

நேற்று அந்தப் பத்திரிகைக்காரத் தம்பி மறுபடி வந்தார். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். "என்னை அப்படி அழ வச்சீங்களேம்மா. அம்புட்டும் நடிப்பா?" என்று கேட்டார். "ஆமா தம்பி. முப்பது வருஷ அனுபவமாச்சே" என்றேன். என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, அதையும் எழுதிக்கொண்டு போனார். அடுத்த வாரம் வரும்.

அவரிடம் சொன்னது பொய். அன்றைக்கு நான் நடிக்கவில்லை. இது உங்கள் ஒருவருக்குத் தெரிந்தால் போதும்.

மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்கள். அதைத் தபாலில் வாங்கிக்கொள்ள மாட்டேன். வியாழக்கிழமை ரயிலில் மதுரை போய், அங்கிருந்து மெட்ராஸ் வண்டி ஏறுகிறேன். எழும்பூருக்கு வந்து என் முன்னால் நின்று கேளுங்கள். முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். மெட்ராஸையே ஏமாற்றிய பெரிய நடிகர்தான் நீங்கள். ஆனால் என்னிடம் நடித்து இன்றுவரை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை.

அன்னக்கொடி